தொலைஞ்சுபோன மாடும் அது கண்டுபிடிச்ச நாடும்

சிட்னிக்கு மேற்கால கௌபாஸ்ச்சர் ரோடுன்னு ஒரு பெரிய ரோடு ஓடுது. ரெண்டு பக்கமும் வீடு, குடோன், பெட்ரோல் பங்க், சிக்னல். மாடு மேயுற மாதிரி ஒரு துண்டு இடம்கூட கண்ணுல படாது. ஆனா பேரு மட்டும் பசு மேய்ச்சல் ரோடு. அந்த பேரு எங்கேர்ந்து வந்துச்சுன்னு தோண்டிப் பாத்தா ஆஸ்திரேலியாவுல வெள்ளைக்காரன் குடியேறின கதையே ஒரு மாதிரி தலைகீழா தெரியுது. ஏன்னா இந்த கதையில நாட்டுக்குள்ள முதல்ல போய் குடியேறினது மனுஷன் இல்ல, கட்டறுத்துக்கிட்டு போன ஆறேழு மாடு.

முதல்லேர்ந்து சொல்றேன். 1787 மே மாசம் இங்கிலாந்துல போர்ட்ஸ்மவுத்லேர்ந்து 11 கப்பல் கிளம்புது, அதுல பாதிக்கு மேல கைதிங்க, மிச்சம் சிப்பாய், ஆபிசருங்க, அவங்க குடும்பம். தலைமை ஆர்தர் ஃபிலிப். உலகத்தோட அடுத்த மூலையில ஒரு ஜெயில் காலனி போடணும், அதான் ஆர்டர். கால்நடையை இங்கிலாந்துலேர்ந்தே ஏத்திட்டு வந்தா வழியிலயே செத்துரும், அதனால கடைசி நிறுத்தமான கேப் டவுன்ல அக்டோபர் நவம்பர்ல ஆடு மாடு பன்னி கோழின்னு ஐநூறுக்கும் மேல வாங்கி ஏத்துனாங்க. கேப் டவுன் அப்ப டச்சுக்காரன் கையில இருந்துச்சு. அவன் அங்க 1652ல வந்து உக்காந்ததே அங்க பூர்வகுடியான கொய்கொய் ஜனங்ககிட்ட மாடு வாங்கலாம்னுதான், போற வர்ற கப்பலுக்கெல்லாம் கறி வேணும்ல. அப்படி கொய்கொய் ஆளுங்க தலைமுறை தலைமுறையா வளத்த ஜாதி மாடு, இங்கிலீஷ் மாடு மாதிரி முதுகு தட்டையா இருக்காது, திமில் இருக்கும், அகலமான கொம்பு, வெயிலும் வறட்சியும் தாங்கும். நம்ம ஊர் மாட்டுக்கு ஏதோ ஒரு வகையில தூரத்து சொந்தம்னே வச்சுக்கலாம், திமில் மாட்டோட பூர்வீகமே சிந்து பக்கம்தானே. இந்த திமிலை ஞாபகத்துல வச்சுக்கோங்க, பின்னாடி இதுதான் சாட்சி சொல்லப்போகுது.

1788 ஜனவரி 26 சிட்னி கோவ்ல இறங்குறாங்க. கப்பல்ல செத்தது போக இறங்கின மாடு ரொம்ப கம்மி, அந்த வருஷம் மே மாச கணக்குல ரெண்டு காளை அஞ்சு பசுதான். ஆயிரத்துக்கும் மேல ஜனம், மாடு ஏழு. இப்ப பொட்டானிக் கார்டன் இருக்கிற பக்கம் மேய விட்டிருந்தாங்க. பாறை மண்ணு, மணலு, புல்லே சரியா கிடையாது. ஜூன் மாசம் ஒரு நாள் மேய்ச்சுக்கிட்டிருந்த கைதி சாப்பாட்டுக்குன்னு போனான், வந்து பாத்தா மாட்டைக் காணோம். ரெண்டு காளையும், கூட நாலோ அஞ்சோ பசுவும் (கணக்கு எழுதினவங்களே ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க) காட்டுக்குள்ள போயே போச்சு.

மாடு மேய்ச்ச யாருக்கும் இது புதுசு இல்ல. பசிச்ச மாடு கட்டினாலும் நிக்காது, கட்டாட்டி கேக்கவே வேணாம். ஆனா அன்னைக்கு சந்தேகம் ஒரு மனுஷன் மேலதான் விழுந்துச்சு. எட்வர்ட் கார்பெட்னு ஒரு கைதி, மாடு காணாம போன அதே சமயத்துல இவனும் காட்டுக்குள்ள ஓடிட்டான். சரி இவன்தான் ஓட்டிட்டு போயிருப்பான்னு எல்லாரும் முடிவு கட்டிட்டாங்க. ஆளு ரெண்டு மூணு வாரம் காட்டுல அலைஞ்சு, பசி தாங்காம எலும்பும் தோலுமா திரும்பி வந்தான், மாட்டைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்டான். கடைசியில திருட்டு கேஸ்ல தூக்குல போட்டாங்க. மாட்டு விஷயத்துல அவன் சொன்னது உண்மைதான்னு ஏழு வருஷம் கழிச்சு தெரியும், அப்ப அவன் இல்ல.

அடுத்த ரெண்டு வருஷம் காலனி பட்டினி கிடந்துச்சு. சாமான் ஏத்திட்டு வந்த கார்டியன் கப்பல் 1789 டிசம்பர்ல பனிப்பாறையில மோதுது, இருந்த சிரியஸ் கப்பல் 1790 மார்ச்ல நார்ஃபோக் தீவுல உடையுது. ஏப்ரல்ல ரேஷனைக் குறைச்சு ஆளுக்கு வாரத்துக்கு ரெண்டரை பவுண்டு மாவு, ரெண்டு பவுண்டு அரிசி, ரெண்டு பவுண்டு உப்புப் போட்ட பன்னிக்கறின்னு ஆக்கிட்டாங்க. மாவும் அரிசியும் வண்டு புடிச்சது, கறி உப்புல ஊறி பல வருஷம் ஆனது. கவர்னர் வீட்டு விருந்துக்கு போறவங்ககூட ரொட்டியை கையோட எடுத்துட்டு போகணும்னு இருந்த காலம். இவங்க இப்படி அரிசியை எண்ணிக்கிட்டு இருக்கிற அதே நேரத்துல, அறுபது கிலோமீட்டர் தள்ளி அந்த மாடுங்க வயிறு நிறைய மேஞ்சு கன்னு போட்டுக்கிட்டு இருந்துச்சு, இவங்களுக்கு தெரியாது அவ்ளோதான்.

1795 செப்டம்பர்ல ஜான் ஹண்டர் கவர்னரா வர்றார். இவர் புது ஆள் இல்ல, முதல் தடவை வந்த அதே சிரியஸ் கப்பல்ல கேப்டனா வந்தவர், அந்த மாட்டை ஏத்துனதெல்லாம் கண்ணால பாத்தவர். காட்டுக்குள்ள ஏதோ பெரிய மிருகக் கூட்டம் திரியுதுன்னு பூர்வகுடி ஜனங்க வழியாவும், வேட்டைக்கு போன கைதிங்க வழியாவும் அவர் காதுக்கு வருது. ஹென்றி ஹேக்கிங்ங்கிற ஆளை அனுப்பி பாக்க சொன்னார், அவன் போய் பாத்துட்டு ஆமா மாடுதான்னு வந்து சொன்னான். நவம்பர்ல கவர்னரே கிளம்பிட்டார், கூட டேவிட் காலின்ஸ், ஜார்ஜ் பாஸ், ஹென்றி வாட்டர்ஹவுஸ். நேப்பியன் ஆத்தை தாண்டி மேட்டுல ஏறிப் பாத்தா கீழ புல்வெளியில மாட்டுக் கூட்டம், எண்ணிப் பாத்தா 61. இது நம்ம தொலைச்ச மாடுதானா, இல்ல இந்த நாட்டுலயே பொறந்த வேற ஏதாவதான்னு உறுதி பண்ணணுமே. அதுக்குள்ள ஒரு காளை முட்ட வந்துச்சு, சுட்டுட்டாங்க. கிட்டப் போய் பாத்தா திமில். கேப் டவுன் மாடேதான். மனுஷன் சொன்னதை நம்பாதவங்க திமில் சொன்னதை நம்பினாங்க. கொஞ்சம் கறியை அறுத்து எடுத்துக்கிட்டு மிச்சத்தை அங்கயே நாய்க்கும் பருந்துக்கும் விட்டுட்டு திரும்புனாங்க. கறிக்கு அலைஞ்ச ஊரு அது, எவ்ளோ வயித்தெரிச்சலா இருந்திருக்கும்!

கண்டுபிடிச்சாங்கன்னு எழுதிட்டேன், ஆனா அந்த வார்த்தையே தப்பு. கேம்பெல்டவுன் பக்கத்துல கென்ட்லின்ங்கிற இடத்துல பாறைக்கு கீழ ஒரு சின்ன குகை, உள்ள சுவத்துல அந்த பக்கத்து பூர்வகுடியான தராவல் ஜனங்க கரியால பெருசு பெருசா மாடு வரைஞ்சிருக்காங்க. வாழ்க்கையில முதல் முறையா மாட்டைப் பாத்த ஒருத்தர் வரைஞ்சா எப்படி இருக்கும், அப்படி. குளம்பை நல்லா பெருசா, பிளவு தெரியற மாதிரி போட்டிருக்காங்க. கங்காரு, எமு கால்தடத்தைப் பாத்தே அது எப்ப போச்சு எங்க போச்சுன்னு சொல்றவங்களுக்கு இந்த புது கால்தடம்தான் முதல் அதிசயமா இருந்திருக்கும்னு நான் நினைக்கிறேன். அந்த குகைக்கு இப்ப கம்பி போட்டு வச்சிருக்காங்க, ஏன்னா நம்ம காலத்து புண்ணியவானுங்க வந்து அது மேல ஸ்ப்ரே பெயின்ட் அடிச்சு கிறுக்கிட்டாங்க.

சரி, மாடு ஏன் அங்க போச்சு? சிட்னி கோவ்லேர்ந்து எத்தனையோ திசை இருக்கு, கரெக்டா தென்மேற்கால மெனாங்கிள், கேம்டன் பக்கம் போய் நின்னதுக்கு காரணம் புல்லு. அந்த புல்லு தானா வந்தது இல்ல. தராவல், குந்துங்குரா ஜனங்க காலம் காலமா பருவம் பாத்து கொஞ்சம் கொஞ்சமா தீ வச்சு, புதரை ஒழிச்சு, இளம்புல் தளிர்க்க வச்சு, அதை தின்ன வர்ற கங்காருவை வேட்டையாடி வாழ்ந்த இடம் அது. வெள்ளைக்கார ஆபிசருங்க அந்த இடத்தைப் பாத்துட்டு இங்கிலாந்து பணக்காரன் வீட்டு பார்க் மாதிரி இருக்கேன்னு ஆச்சரியப்பட்டு எழுதி வச்சாங்க. பார்க் மாதிரி இருந்ததுக்கு காரணம் யாரோ அதை பார்க் மாதிரி வச்சிருந்தாங்க, அந்த யோசனைதான் வரல. மாடு அதை யோசிக்காமலே கண்டுபிடிச்சுருச்சு. நல்ல மேய்ச்சல் எதுன்னு சர்வே பண்ற ஆளைவிட மாட்டுக்கு நல்லா தெரியும்.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான இடம். அந்த மாட்டுக்கு யார் ஓனர்? 61 மாட்டுல முக்கால்வாசிக்கு மேல காட்டுலயே பொறந்தது. கயிறு பாக்காதது, மனுஷன் கை படாதது, எவனும் தண்ணி காட்டாதது. ஆனா ஹண்டர் அன்னைக்கே முடிவு பண்ணிட்டார், இது அரசாங்க மாடு, எவனும் கை வைக்கக்கூடாது, பெருகட்டும்னு. அடுத்து வந்த கவர்னர் கிங் 1803ல இன்னும் ஒரு படி மேல போய், பர்மிட் இல்லாம நேப்பியன் ஆத்தையே தாண்டக்கூடாதுன்னு ஆர்டர் போட்டார். இடத்துக்கு பேரும் மாட்டை வச்சே கௌபாஸ்ச்சர்ஸ். பாருங்க, ஏழு வருஷமா எவனும் தேடிக் கண்டுபிடிக்காத மாட்டுக்கு ராஜா சொந்தக்காரன், அதோட கன்னுக்கும் பேரக்கன்னுக்கும் ராஜாவே சொந்தக்காரன். அந்த மாடு நிக்கிற நிலம் மட்டும் ஆயிரக்கணக்கான வருஷமா ஜனம் வாழ்ந்துக்கிட்டு இருக்கிற நிலம்னாலும் ஓனர் இல்லாதது. ஒரே ஆள், ஒரே பேப்பர், ஒரே மை. ஓடிப்போனாலும் மாடு மேல உரிமை போகாது, ஓடாம அங்கயே இருந்தாலும் நிலத்து மேல உரிமை வராது.

இது ஆஸ்திரேலியாவுல மட்டும் நடந்த கூத்து இல்ல. அமெரிக்காவுல வர்ஜீனியாவுல 1600கள்ல குடியேறினவங்ககிட்ட மாட்டை கட்டிப் போட்டு தீனி போட ஆளும் கிடையாது, தொழுவமும் கிடையாது, காதுல வெட்டு அடையாளம் போட்டு காட்டுல அவுத்து விட்ருவாங்க. நம்ம ஊர்ல அடுத்தவன் வயல்ல மாடு மேஞ்சா பவுண்டுல அடைச்சு மாட்டுக்காரன்கிட்ட தண்டம் வாங்குவாங்க இல்லையா, அங்க சட்டமே உல்டா, மாட்டுக்காரன் கட்ட வேண்டாம், வெள்ளாமை வச்சவன்தான் வேலி போட்டுக்கணும். பூர்வகுடி பெண்கள் சோளம், பீன்ஸ் போடுற தோட்டத்துக்கு வேலியே கிடையாது, அதுவரைக்கும் வேலி தேவைப்படவே இல்ல, ஏன்னா அந்த ஊர்ல வளக்கிற மாடும் இல்ல பன்னியும் இல்ல. திடீர்னு வந்து மேஞ்சா என்ன பண்ணுவாங்க, அடிப்பாங்க, அம்பு விடுவாங்க. உடனே எங்க சொத்தைக் கொன்னுட்டான்னு கேஸு, சண்டை. அதே காட்டுல வெள்ளைக்காரன் மானைச் சுட்டா அதுக்கு யாரும் சொந்தக்காரன் கிடையாது. காதுல வெட்டு இருந்தா சொத்து, வெட்டு இல்லைன்னா ஊர்ப் பொது. இன்னொரு தமாஷ், 1656ல வர்ஜீனியாவுல ஒரு சட்டம் போட்டாங்க, பூர்வகுடி ஆளுங்க எட்டு ஓநாய் தலை கொண்டுவந்தா அவங்க தலைவருக்கு ஒரு பசு இனாம். பசு வச்சிருந்தா சொத்துன்னா என்னன்னு புரியும், நாகரிகம் வரும், அப்படியே கிறிஸ்தவனாவும் ஆயிடுவான்னு கணக்கு. பசுவை வச்சு மதம் மாத்த ஒரு பிளான்!

பழைய தமிழ்ல மாடுன்னா செல்வம்னே அர்த்தம், சண்டைக்கு போறதுன்னா முதல் வேலை எதிரி ஊரு ஆநிரையை ஓட்டிட்டு வர்றது, அதுக்கு வெட்சின்னு பூ வச்சு தனித் திணையே இருக்கு. ஆனா அதுல ரெண்டு பக்கமும் மாடு சொத்துன்னு ஒத்துக்கிட்டவங்க. இங்க ஒரு பக்கத்துக்கு அந்த கணக்கே புதுசு, அந்த வித்தியாசம் பெருசு.

தெக்கால போனா கொலம்பஸ் 1493ல ரெண்டாவது தடவை வரும்போது கரீபியன்ல இறக்கின மாடு, அது காடு பூரா பரவி, அதை வேட்டையாடி கறியை பரண் போட்டு புகையில வாட்டி கப்பல்காரனுக்கு வித்து பொழைச்ச கூட்டத்துக்கு அந்த பரணோட பேரே வந்துச்சு, பின்னாடி அந்த கூட்டம்தான் பக்கனீர்ங்கிற கடல்கொள்ளைக்காரங்களா ஆனது. அர்ஜென்டினா பக்கம் பாம்பாஸ் புல்வெளியில மாடு அவ்ளோ பெருகி, தோலை மட்டும் உரிச்சுட்டு கறியை அப்படியே விட்டுட்டு போன காலமும் உண்டு. டெக்சாஸ்ல ஸ்பானிஷ்காரன் விட்ட மாடு நீளக்கொம்பு ஜாதியா காடு முழுக்க திரிஞ்சுது, உள்நாட்டுப் போர் முடிஞ்சதும் அதைத்தான் கூட்டம் கூட்டமா ஓட்டிட்டு 1867லேர்ந்து கான்சஸ்ல ஆபிலீன் ரயில் ஸ்டேஷனுக்கு கொண்டு போய் வித்தாங்க, நம்ம சினிமாவுல பாக்குற கௌபாய் கதை முழுசும் இந்த கொஞ்ச வருஷத்துலதான் நடக்குது. 1874ல ஜோசப் கிளிட்டன் முள்கம்பிக்கு பேடன்ட் வாங்குனார், அப்புறம் புல்வெளிக்கெல்லாம் வேலி விழுந்து கொஞ்ச நாள்ல கதை முடிஞ்சுது. இதுல ஒவ்வொண்ணையும் தனியா எழுதலாம், இப்ப வேணாம், சிட்னிக்கே திரும்பிடுவோம்.

1796ல ஹண்டர் மறுபடி போய் எண்ணினப்போ 94. அதுக்கப்புறம் எண்ணிக்கை ஆளுக்கு ஒண்ணா எகிறுது, 1800 தாண்டி நாலஞ்சு வருஷத்துலயே மூவாயிரம், அஞ்சாயிரம்னு எல்லாம் பேசிக்கிட்டாங்க. எனக்கு இதுல பெரிய சந்தேகம். பசு வருஷத்துக்கு ஒரு கன்னுதான் போடும், அதுல பாதி காளைக்கன்னு, ஒண்ணுகூட சாகலைன்னு வச்சாலும் 94 அப்படி அஞ்சாயிரம் ஆகாது, வேணா பத்து வருஷத்துல ஆயிரம் சொச்சம் வரும். எண்ணாம விட்ட வேற மந்தை இருந்திருக்கலாம், ஆனா தூரத்துலேர்ந்து காட்டு மாட்டை எண்ணுறவன் கண்ணுக்கு ஒண்ணு மூணா தெரியும்ங்கிறதும் உண்மை. எப்படியோ, காலனிக்கு அது ஒரு பேங்க் டெபாசிட் மாதிரி ஆயிடுச்சு. எப்ப கப்பல் வரலைன்னாலும் அங்க கறி நிக்குதுன்னு ஒரு தைரியம். நடுவுல இந்தியாவுலேர்ந்தும் மாடு வந்துச்சு, 1795லயே என்டெவர்னு ஒரு கப்பல் பம்பாய்லேர்ந்து நூறுக்கும் மேல மாட்டை கொண்டுவந்து சிட்னியில இறக்குச்சு (கேப்டன் குக்கோட என்டெவர் இல்ல, அது வேற). ஆக காலனியோட ஆரம்ப காலத்து தொழுவத்துல நல்லா பாதி திமில் மாடாத்தான் இருந்திருக்கும்.

டெபாசிட்டை உடைச்சது மாடு இல்ல, ஆடு. வாட்டர்ஹவுஸ்னு ஒரு கேப்டன் பேரு மேல சொன்னேன்ல, 61 மாட்டைப் பாக்க கவர்னர் கூட போனவர், அவரே 1797ல கேப் டவுன்லேர்ந்து கம்பளிக்கு வளக்கிற மெரினோ செம்மறி ஆடு கொண்டுவந்தார். அதுல சிலதை வாங்கினவர் ஜான் மக்கார்தர், பட்டாளத்து ஆபிசர், வியாபாரி, வம்புக்காரர். ஒரு சண்டையில தன் மேலதிகாரியையே சுட்டு காயப்படுத்தி, அந்த விசாரணைக்குன்னு லண்டன் அனுப்பினாங்க, ஆளு அங்க போய் கேஸை விட்டுட்டு மந்திரி லார்ட் கேம்டனைப் புடிச்சு கம்பளி வியாபாரத்தோட எதிர்காலத்தை விளக்கி, 5000 ஏக்கருக்கு உத்தரவோட 1805ல திரும்பி வர்றார். எந்த இடத்துல வேணும்? கௌபாஸ்ச்சர்ஸ்லதான் வேணும். கவர்னர் கிங்குக்கு இஷ்டமே இல்ல, அரசாங்க மாடு இருக்கிற இடத்துல இவனை எப்படி விடுறதுன்னு இழுத்துப் பாத்தார், லண்டன் பேப்பர் முன்னாடி ஒண்ணும் நடக்கல. மந்திரி பேரையே இடத்துக்கு வச்சு கேம்டன்னு ஆக்கிட்டார் மக்கார்தர். யோசிச்சுப் பாத்தா அந்த நிலத்துக்காக கவர்னரும் வியாபாரியும் அடிச்சுக்கிட்டதே மாட்டுக்கா ஆட்டுக்காங்கிற சண்டைதான், அங்க இருந்த தராவல் ஜனம் ரெண்டு பேர் வாதத்துலயும் வரவே இல்ல.

ஆத்தைத் தாண்டக்கூடாதுன்னு போட்ட தடை மாட்டுக்காகத்தான், ஆனா அதால தராவல் ஜனத்துக்கு கொஞ்ச வருஷம் மூச்சு விட டைம் கிடைச்சுது, சுத்தி எல்லா பக்கமும் நிலம் போய்க்கிட்டிருக்கும்போது நேப்பியனுக்கு அந்தாண்ட வேலி விழல. மக்கார்தர் வந்ததும் ஒரு ஓட்டை விழுந்துச்சு, அதுக்கப்புறம் கவர்னர் மக்குவாரி காலத்துல வரிசையா பட்டா போட ஆரம்பிச்சாங்க. 1814லேர்ந்து வறட்சி வேற. கங்காரு போச்சு, தீ வைக்க முடியல, கிழங்கு தோண்டுற ஆத்தோரம் சோளக்கொல்லை ஆச்சு. பசியில சோளம் எடுத்தாங்க, குடியானவன் சுட்டான், பதிலுக்கு இவங்க கொன்னாங்க. 1816 ஏப்ரல்ல மக்குவாரி பட்டாளத்தை அனுப்பினார். ஏப்ரல் 17 விடியறதுக்கு முன்னாடி ஆப்பின் பக்கத்துல கேப்டன் ஜேம்ஸ் வாலிஸ் ஆளுங்க ஒரு முகாமை சுத்தி வளைச்சாங்க, சுட்டது பாதி, மலைமுகட்டுலேர்ந்து விழுந்து செத்தது பாதி, பொம்பளைங்க குழந்தைங்க உட்பட குறைஞ்சது 14 பேர்.

அந்த பட்டாளத்துக்கு வழிகாட்டியா கூட்டிட்டு போனவர் ஜான் வார்பி. முன்னாள் கைதி, 1800களோட ஆரம்பத்துலேர்ந்தே கௌபாஸ்ச்சர்ஸ் காட்டு மாட்டைப் பாத்துக்கிற வேலையில இருந்தவர், அந்த வேலையை தராவல் ஆளுங்க துணையில்லாம செஞ்சிருக்கவே முடியாது. வாலிஸ்கூட அவர் போனாரே தவிர ஒத்துழைக்கல. பண்டல், பட்பரின்னு ரெண்டு பூர்வகுடி வழிகாட்டிங்களை இவர் பொறுப்புல விட்டப்போ, எனக்கு பொறுப்பு இல்லைன்னுட்டார், அவங்க ரெண்டு பேரும் ராத்திரியோட ராத்திரியா காணாம போயிட்டாங்க. வாலிஸ் கடுப்பா அதை எழுதி வச்சிருக்கார். மாடு மேய்க்கிறவன் கவனிக்காத நேரத்துல மாடு போச்சுன்னு ஆரம்பிச்ச கதையில, இந்த மாட்டுக்காரர் இந்த தடவை வேணும்னேதான் கவனிக்கலைன்னு எனக்கு தோணுது.

காட்டு மாடு என்ன ஆச்சுன்னா, ஒண்ணும் வீரமா முடியல. கொஞ்சத்தை ராத்திரியில கைதிங்களும் குடியானவங்களும் அடிச்சு தின்னாங்க, கொஞ்சத்தை அரசாங்கம் வளைச்சு பட்டியில அடைச்சு பழக்கின மாட்டோட சேத்துருச்சு, வறட்சி கொஞ்சத்தைக் கொண்டு போச்சு. 1820கள்ல மிச்சம் சொல்லிக்கிற அளவுக்கு இல்ல. மாட்டைக் காப்பாத்த போட்ட ஆர்டர்லாம் அதோட அர்த்தம் இல்லாம போச்சு, நிலம் மட்டும் மிச்சம், அதுவும் மக்கார்தர் மாதிரி ஆளுங்க பேருல.

ஆனா அந்த பழக்கம் விடல. மாட்டை முன்னாடி விட்டுட்டு பின்னாடி போறது. 1813ல ப்ளூ மவுண்டன்ஸைத் தாண்டினதும் மேய்ச்சல் தேடித்தான். 1829ல அரசாங்கம் 19 கவுண்டின்னு (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) கோடு போட்டு இதுக்கு மேல குடியேறக்கூடாதுன்னு சொல்லுச்சு, கோட்டுக்கு அந்தாண்ட மந்தையை ஓட்டிட்டு போய் உக்காந்தவங்களுக்கு ஸ்குவாட்டர்னு பேரு. 1835ல ஜான் பேட்மேன்னு ஒருத்தர் மெல்போர்ன் பக்கம் பூர்வகுடி தலைவருங்ககிட்டயே ஒப்பந்தம் போட்டு நிலம் வாங்கிட்டேன்னு வந்து நின்னப்போ, கவர்னர் பர்க் அது செல்லாதுன்னு அறிவிச்சார், அது ராஜா நிலம், வாங்கவும் விக்கவும் அவங்க யாருன்னு. அடுத்த வருஷமே, 1836ல, கோட்டுக்கு அந்தாண்ட இருக்கிற ஸ்குவாட்டருங்களுக்கு வருஷம் 10 பவுண்டு கட்டிட்டு எவ்ளோ வேணா மேய்ச்சுக்கோன்னு லைசென்ஸ் குடுத்துட்டாங்க.